ஒருமூச்சு வீடு

லிங்கதுரை ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். வாய் கொப்பளித்த தண்ணீரைச் சுவரடிக் குழியில் உமிழ்ந்தான். வடக்குச் சுவரில் வாய் உயரத்துக்கு ஒரு மண்குமிழ் இருந்தது. கவிழ்த்த சிரட்டை அளவு, நடுவில் துளை. அதில் உதட்டைப் பொருத்தி நூறு மூச்சு விட்டான். இரண்டடி தள்ளி, சற்றுத் தாழ்வாக, இன்னொரு குமிழ். குனிந்து அதிலும் நூறு மூச்சு விட்டான். அந்தக் குமிழ் அவனுடையது அல்ல. மூலையில் சுவர்க்கசிவு சொட்டும் குடத்தைத் தூக்கிப் பார்த்தான். மூன்று லிட்டர் இருக்கும். முன்பெல்லாம் ஒன்பது வரும். ஆறு மணிக்குள் மூன்று சன்னல்களையும் சாத்தி இடுக்குகளில் துணி திணித்தான். பழைய கஞ்சியைக் குடித்தான். உட்கார்ந்தான். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தான். சுவருக்குச் சுவர் பதினோரு எட்டு.

மனைவி சுயம்புக்கனி இறந்து அன்றோடு எண்பத்து நான்கு நாள்.

அந்த வீட்டுக்கு மின்கம்பி கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. தன்வீட்டூரின் நாற்பத்தொரு வீடுகளில் எதற்குமே கிடையாது. தேரிக்காட்டுச் செம்மணல், சுண்ணாம்பு, கருப்பட்டிப் பாகு, அதோடு பாசியம். பாசியம் என்பது ஊரார் வைத்த பேர். சுவருக்குள் உயிரோடு வாழும் நுண்ணுயிர்க் கலவை அது. வெளிப்பக்கம் வெயிலைத் தின்னும். உள்பக்கம் மனிதர் விடும் மூச்சைத் தின்னும். தின்ற கடனுக்கு நல்ல காற்றும், குளிர்ச்சியும், விளக்கெரிய மின்சாரமும், விடிந்தால் குடத்தில் தண்ணீரும் தரும். சென்னையில் ஒரு வாரம் மின்சாரம் நின்றுபோன கோடையில்கூடத் தன்வீட்டூரில் விளக்குகள் எரிந்தன.

ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொருவர் மூச்சிலும் தனித்தனிக் கிருமிக்கூட்டம் உண்டு, கைரேகை மாதிரி. வீட்டை அதில் வாழப்போகிறவர்களே தங்கள் கையால் கட்ட வேண்டும். கட்டி முடித்து நாற்பத்தெட்டு நாள் ஈரச்சுவருக்குள்ளேயே அடைந்து கிடந்து மூச்சைப் பழக்க வேண்டும். மண்டலம் இருத்தல் என்பார்கள். அதன் பிறகு வேற்று மூச்சு பட்டால் சுவர் அதை நோயென்று எண்ணி உப்புக் கக்கும். ஆகையால் தன்வீட்டூரில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை. விசேஷத்துக்கு அழைக்க வந்தவர்கள் வாசலில் நின்று கைதட்டுவார்கள்.

பழகிய மூச்சு குறைந்தாலும் தொல்லைதான். இரண்டு பேர் கட்டிய வீடு இரண்டு பேர் தீனியில் நிற்கிறது. நாளுக்குப் பதினாறு மணி நேரமாவது ஒவ்வொருவரும் உள்ளே இருந்தாக வேண்டும். ஒருவர் போய்விட்டால் சுவர் பட்டினியில் வெளுத்து, சாம்பலாகி, பொடிந்து விழும். அதற்கு ஒருமூச்சு வீடு என்று பெயர். இதுவரை ஊரில் அப்படி மூன்று இருந்தன. எதுவும் நூற்றிருபது நாளைத் தாண்டவில்லை.

லிங்கதுரை இருபத்திரண்டு மணி நேரம் உள்ளே இருந்தான். இரண்டு பேருக்கான மூச்சை ஒருவனே விட்டுப் பார்த்தான். சுவர் ஏமாறவில்லை. சுயம்புவின் குமிழைச் சுற்றி வெளுப்பு ஒரு முறத்தளவுக்குப் பரவியிருந்தது. தொட்டால் விரலில் திருநீறு மாதிரி ஒட்டியது.

ஒன்பது மணிக்கு வாசலில் கைதட்டல் கேட்டது. ஊர்ச்செயலர் மனோரஞ்சிதம். ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் மூச்சுமானி தொங்கும். அதை நீளமான கம்பியில் செருகி வாசலிலிருந்தே உள்ளே நீட்டி அளப்பாள். அன்றும் அளந்தாள். முள்ளைப் பார்த்துவிட்டு, இன்னும் முப்பது நாள் தாங்கினால் அதிகம் என்றாள். பிறகு, ஏற்பாடு ஆகிவிட்டது, நாளைக்கு வருகிறார்கள் என்றாள்.

“யாரு?”

“ஒங்க அத்தையும் ஜெயக்கனியும். பொருத்தம் பாத்தாச்சு லிங்கம். நூத்துக்கு எம்பத்தி ஏழு. அக்கா தங்கச்சின்னா அப்பிடித்தான், ஒரே வீட்டுல ஒரே சோறு தின்னு வளர்ந்த மூச்சு. சுவர் ஏத்துக்கிடும்.”

ஏழு நாள் ஒத்திகைத் தங்கல், எட்டாம் நாள் மூச்சேற்பு, வருஷம் திரும்பியதும் தாலி என்று மனோரஞ்சிதம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். இறந்தவளின் தங்கையைக் கட்டுவது புது வழக்கமா என்ன என்றும் கேட்டாள். முன்பு பிள்ளைகளை வளர்க்க ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். இப்போது வீட்டுக்காக.

மனோரஞ்சிதம் கெட்டவள் அல்ல. அவளும் அவள் கணவரும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. கிழக்குச் சுவரோரம் ஒருவர், மேற்குச் சுவரோரம் ஒருவர் என்று படுத்து, வீட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். தன்வீட்டூரில் பதினோரு வருஷமாக ஒரு விவாகரத்துகூட நடக்கவில்லை என்று விருந்தினர் கொட்டகையில் எழுதி வைத்திருந்தது அவள்தான். நாலு மூச்சு வீட்டுப் பையன் ஒருவன் கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்துப் போனான். இரண்டாம் மாதம் அடுக்களைக் கூரை தொங்கிவிட்டது. திரும்பி வந்துவிட்டான். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

கொட்டகைச் சுவரில் இன்னொரு வாசகமும் இருந்தது. ‘என் மூச்சு இந்த வீட்டில் இருக்கிறது. அதை அணைய விடாதீர்கள். — சுயம்புக்கனியின் கடைசி வார்த்தை.’ நீல எழுத்து, ஓரத்தில் ஆவாரம்பூ.

அதை அவள் சொல்லவில்லை. லிங்கதுரைக்கு மட்டும் தெரியும். காய்ச்சல் முற்றி, நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து அவள் போன காலையில் மனோரஞ்சிதம் போன் செய்தாள். அழுதுகொண்டே, கடைசியில் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். அவன் “ம்” என்றான். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் “ம்” என்றுதான் சொல்லியிருப்பான். இரங்கல் கூட்டத்தில் அந்த “ம்” ஒரு முழு வாக்கியமாக எழுந்து நின்றது. கேட்டவர்கள் அழுதார்கள். மறுத்துப் பேச அவனிடம் தெம்பு இல்லை. நாளாக ஆக மறுப்பதும் கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் வந்தார்கள். அத்தை பேச்சித்தாய் வீட்டுக்குள் வரமுடியாது, மூன்றாவது மூச்சு ஆகிவிடும். வாசலுக்கு நேரே உடைமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். ஒரு கண் மகள் மேல், ஒரு கண் மருமகன் மேல். ஜெயக்கனி தோள்பையோடு உள்ளே வந்தாள். இருபத்தாறு வயது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் பழுது பார்க்கிறவள். நூறு மீட்டர் கோபுரத்தில் கயிற்றில் தொங்கி வேலை செய்து வெயிலில் கறுத்த முகம். அவளுக்கு அடுக்களைப் பக்கம், அவனுக்குக் கூடத்தின் மறுகோடி. நடுவில் பதினோரு எட்டு.

அவளாலும் உட்கார முடியவில்லை. முதல் நாள் முழுக்க இருவரும் நடந்தார்கள். அவன் வடக்கு தெற்காக, அவள் கிழக்கு மேற்காக. நடுக்கூடத்தில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்று, பிறகு நடந்தார்கள்.

வெளியிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். “ஏட்டி, குத்துக்கல்லு மாதிரி இருக்கச் சொன்னா இப்பிடிச் செக்கு சுத்துத. மாப்ளைக்குத் தலை கிறுகிறுத்துரும்.”

“அவுகதாம்மா மொதல்ல சுத்துனாவ.”

லிங்கதுரைக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

குமிழில் எப்படி வாய் வைப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். பல் படக்கூடாது, மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும், அவசரம் கூடாது. அவள் முதல் தடவை விட்டதும் சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். சுயம்பு சற்றுக் குனிந்து மூச்சு விடுகிற அதே இடத்தில் அதே உயரத்தில் இவள் தலை. பின்னாலிருந்து பார்க்கக்கூடாது என்று அவன் அடுக்களைக்குப் போனான்.

மூன்றாம் நாள் குடத்தில் ஐந்து லிட்டர். நான்காம் நாள் ஆறு. ஐந்தாம் நாள் காலையில் வெளுப்பின் நடுவே பச்சை தட்டியிருந்தது, மழைக்குப் பிறகு கிணற்றுக் கல்லில் தட்டுகிற மாதிரி. மனோரஞ்சிதம் கம்பியை உள்ளே நீட்டி அளந்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். வாசலில் நாலைந்து பேர் நின்று பார்த்துப் போனார்கள். ஊர் முழுக்க ஒரு நிம்மதி. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் முந்திச் சாகத்தான் வேண்டும். அப்போது வீடு தப்பிக்க ஒரு வழி உண்டு என்று இந்தச் சுவர் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் லிங்கதுரை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினான். எண்பத்தெட்டு நாளில் அப்படித் தூங்கியதில்லை. எழுந்தபோது சுவர் குளிர்ந்திருந்தது. கன்னத்தை வைத்தான். வீடு வேண்டும் என்று தோன்றியது. மூன்று மாதத்தில் எதுவுமே வேண்டும் என்று தோன்றியதில்லை. இதை மிதித்துக் குழைத்தது சுயம்புவின் கால். கூரைமூலையில் கரண்டியால் தீற்றியது அவள் கை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கட்டடப் பொறியியல் படித்த அவனை இழுத்துக்கொண்டு இந்தச் செம்மண்ணுக்கு வந்தவள் அவள். யார் கம்பியிலும் நாம் தொங்க வேண்டாம் என்பாள். கொட்டகையில் புதிதாக வருபவர்களிடம் மணிக்கணக்காகப் பேசுவாள். இந்தச் சுவரும் போய்விட்டால் அவள் இருந்தாள் என்பதற்கு அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை.

எழுந்து திரும்பினால் ஜெயக்கனி சன்னலோரம் நின்றிருந்தாள். இடுக்கில் திணித்த துணியை ஒரு விரலால் கொஞ்சம் விலக்கி, அந்த ஓட்டையில் கண்ணை வைத்திருந்தாள். அவன் விழித்ததை அறிந்ததும் துணியைப் பழையபடி அடைத்தாள்.

“என்ன பாக்க?”

“ஒண்ணுமில்லத்தான். காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு பாத்தேன். பழக்கம்.”

அவன் நடக்கத் தொடங்கினான். அவளும் கூடவே பேசினாள், அவளுக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. கோபுரத்து உச்சியில் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் தெரியும். ஆடிக்காற்றில் கோபுரமே ஒரு முழம் இப்படியும் அப்படியும் ஆடும். முதல் வருஷம் வாந்தி எடுத்தாள். இப்போது தரையில் நின்றால்தான் தலை சுற்றுகிறது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்தாயிற்று, எட்டாம் நாள் அனுப்ப வேண்டும்.

இதில் அவளுக்குச் சம்மதமா என்று அவன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்வியை ஐந்து நாள் கழித்துக் கேட்டான்.

அவள் சன்னல் துணியை இன்னும் இறுக்கி அடைத்தாள். “வேற யார் சொல்லியிருந்தாலும் போங்கடேன்னு போயிருப்பேன். அம்மாட்டயும் மொத நாளு சண்டதான் போட்டேன். ஆனா அக்கா கடைசியா இதத்தானே சொல்லிட்டுப் போனா. அத வாசிச்சப்பறம் நான் என்னத்தச் சொல்ல?”

அவன் நின்றுவிட்டான். வாயைத் திறந்தான். சுவர் கண்ணில் பட்டது. குமிழைச் சுற்றி அந்தப் பச்சை. வாயை மூடிக்கொண்டான்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அவன் தூங்கவில்லை. இத்தனைக்கும் குடத்தில் ஏழரை லிட்டர் இருந்தது. எங்கே நின்றாலும் கால் நிற்கவில்லை. அவளும் நடந்தாள். இப்போது இருவரும் பேசவில்லை. உடைமரத்தடியில் அத்தை, புருஷன் பெண்டாட்டி என்றால் கொஞ்சம் நாளாகத்தான் செய்யும் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு ஊர் திரண்டது. யாரும் உள்ளே வரவில்லை. கதவும் மூன்று சன்னல்களும் அன்று மட்டும் திறக்கப்பட்டன. எல்லாவற்றிலும் முகங்கள், வாயில் துணி கட்டிக்கொண்டு. மனோரஞ்சிதம் வாசற்படிக்கு வெளியே நின்று, புதிய பாசியம் கலந்த ஈர மண்ணை ஒரு மண்சட்டியில் உள்ளே நகர்த்தினாள். அதை இரண்டு கையாலும் அள்ளிக் குமிழைச் சுற்றி ஜெயக்கனி பூச வேண்டும். பூசிவிட்டால் சுவர் அவளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அவள் விலகினால் வீடு முப்பது நாள்கூடத் தாங்காது, பட்டினியைவிடப் பழக்கம் மாறுவது அதற்குப் பெரிய அடி. கூரை யார் தலையில் விழும் என்றும் சொல்ல முடியாது. ஆகையால் பூசியவர் விலகுவதில்லை.

அதற்கு முன் ஒரு முறை உண்டு. மிஞ்சியிருப்பவர், போனவரின் கடைசி வார்த்தையைச் சுவரிடம் சொல்ல வேண்டும். சுவருக்குக் காது கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முதல் ஒருமூச்சு வீட்டுக்காரர் இடிகிற சுவரிடம் அப்படிச் சொல்லி அழுதாராம், அதிலிருந்து வழக்கமாகிவிட்டது.

ஜெயக்கனி சட்டியிலிருந்து மண்ணை அள்ளினாள். விரல் இடுக்குகளில் செம்மண் வழிந்தது. கைகளை ஏந்தியபடி குமிழுக்கு எதிரே நின்றாள். அவளும் அந்த ஒரு நிமிஷம் நடக்காமல் நின்றாள். திறந்த சன்னல் வழியாகத் தேரிக்காற்று வந்து அவள் முன்முடியைக் கலைத்தது. அவள் முகம் தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பியது.

“சொல்லு லிங்கம்,” என்றாள் மனோரஞ்சிதம். “எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒன் வாயால ஒரு தடவ.”

லிங்கதுரை தன் குமிழில் வாயை வைத்தான். மூச்சை இழுத்தான். அப்படியே சில நொடி நின்றான். பிறகு வாயை எடுத்துவிட்டு ஜெயக்கனியைப் பார்த்துத் திரும்பினான்.

“அவ அத சொல்லல.”

வாசலில் யாரோ இருமினார்கள். மனோரஞ்சிதம் அவனுக்குக் கேட்கவில்லையோ என்பது போல மறுபடி தொடங்கினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“போன்ல நீங்க கேட்டிய. நான் ‘ம்’முன்னேன். அவ்வளவுதான். மத்தத நீங்க எழுதுனிய. நான் மறுத்திருக்கணும், மறுக்கல. ஜெயா, அந்த மண்ணச் சட்டியில போடு.”

ஜெயக்கனி போடவில்லை. மரத்தடியிலிருந்து எழுந்து வந்த அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அவள் குரலில் அதட்டல் இல்லை.

“பொறவு எம்மவ என்ன சொன்னா மாப்ள?”

அவன் சொன்னான். நீளமாகப் பேசி மூன்று மாதமாகிவிட்டது. சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

பொது வார்டு. நாற்பது கட்டில். கட்டிலுக்கு ஒரு நோயாளி, நோயாளிக்கு இரண்டு பேர். எல்லாச் சன்னலும் திறந்து கிடந்தது. யார் யாரோ இருமினார்கள், தும்மினார்கள், குறட்டை விட்டார்கள். தெருவிலிருந்து பஸ் புகை வந்தது. பக்கத்துக் கட்டில் கிழவி ஆரஞ்சு உரித்தாள். முதல் இரண்டு நாள் சுயம்பு கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் திறந்தாள். மேலே பார்த்தாள். அவள் தலைக்கு நேரே ஒரு பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தன்வீட்டூரில் மின்விசிறி கூடாது. காற்று அலைந்தால் மூச்சு சுவரில் படியாது. அந்த விதியை எழுதியதே சுயம்புதான். ஐந்து வருஷமாக அவள் ஒரு விசிறிக்கு அடியில் படுத்ததில்லை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று அவனும் நினைத்தான். குனிந்து, வீடு பத்திரமாக இருக்கிறது என்று அவனே சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவன் கையை மட்டும் பிடித்தாள். நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது. சிரித்தாள்.

லிங்கதுரை நிறுத்தினான். சன்னல்களில் இருந்த முகங்களில் ஒன்றுகூட அசையவில்லை. ஜெயக்கனியின் விரல் இடுக்கிலிருந்து ஈரமண் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

“என்ன சொன்னா அத்தான்?” என்றாள்.

“‘இந்த ஃபேன் நல்லாருக்கு லிங்கா. இன்னும் ஒண்ணு கூட்டி வையேன்.’”